இறைச்சிக்கடைக்காரர் ஓவ்ரேயின் மூதாதையர்

மாவட்டப் பதிவேடுகளெல்லாம் இருந்த சேன்-லோ நகரின் ஆவணக் காப்பகம் 1944ஆம் ஆண்டு ஜூன் மாதக் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலானதால், எங்கள் மாவட்டத்தில் மிகுந்த நன்மையடைந்தவர் இலேர் ஓவ்ரே. அவர் ஒருவரே நன்மையடைந்தார் என்று சொன்னால் மற்றவர்களுக்கு அநீதி இழைத்தவளாவேன். அந்தத் தீ அணைந்த பிறகு, எங்கள் பக்கத்தில் பிரபு குலத்தில் பிறக்காதவர் எவரும் மிஞ்சவில்லை. ஆதாரம் எங்கே என்று கேட்டால், சேன்-லோ இருக்கும் திசையில் கையை நீட்டி, "அங்க இருந்துச்சு" என்பார்கள். எரியாத காகிதம் எவரையும் எளிதில் பிரபுவாக்குவதில்லை. எரிந்த காகிதமோ எதையும் மறுப்பதில்லை.

ஓவ்ரே எங்கள் க்ரெவால் ஊரின் இறைச்சிக்கடைக்காரர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் அதே கடையில், அதே மரக்கட்டையின்மேல் இறைச்சி வெட்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வருபவர்கள் அவர் செய்யும் இரத்தம் அடைத்த பன்றிக்குடலுக்காக வரிசையில் நிற்பார்கள். எடையில் ஏமாற்றமாட்டார், பழைய கறியைப் புதிய கறியென்று விற்கமாட்டார். ஒரு மனிதருக்கு இது போதும் என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

எங்கள் கோவிலின் மணிக்கூண்டு அந்தக் குண்டுவீச்சில் சரிந்து விழுந்தபோது, கீழே தளம் பிளந்து ஒரு கல் வெளிப்பட்டது. கவசம் அணிந்த ஒருவர் நாயின்மேல் காலை வைத்துப் படுத்திருப்பதுபோல் அதில் செதுக்கப்பட்டிருந்தது. தேய்ந்த எழுத்துகளில் 'துர்ஸ்தேன்' என்பது மட்டும் படிக்கும்படி இருந்தது. ஆங்கிலேயர் வில்லியம் என்றழைக்கும் எங்கள் கோமகன் கியோமுடன் கடல் கடந்து சென்று, இங்கிலாந்தை வென்ற படையில் துர்ஸ்தேன் த க்ரெவால் என்றொரு வீரர் இருந்தார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தக் கல் செதுக்கப்பட்டபோது அவர் இறந்து இரண்டு நூற்றாண்டுகளாவது கடந்திருக்கும் என்று அப்போதைய பங்குத்தந்தை பிரசங்கத்திலேயே சொன்னார். பிரசங்கத்தை யார் கேட்கிறார்கள்? போர் முடிந்தபின் மூதாதையரைத் தேடி ஆங்கிலேயர்கள் பேருந்துகளில் வரத் தொடங்கினார்கள். பன்றித்தொடை வாங்க வந்த ஓர் ஆங்கிலச் சீமாட்டி, கையில் வெட்டுக்கத்தியுடன் கடைவாசலில் நின்ற ஓவ்ரேயைப் பார்த்து, "நீங்க அப்படியே அந்தக் காலத்து வீரர் மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு மரியாதை வார்த்தை. ஓவ்ரேக்கு அது இருபது ஆண்டு நோய்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று அதிகாலையில், ஈரல் கூழ் நிரப்பிய ஒரு மண்சட்டியை எழுத்தர்களுக்கு அன்பளிப்பாக எடுத்துக்கொண்டு, கான் நகருக்கோ ஏதேனும் ஓர் ஊராட்சி அலுவலகத்துக்கோ புறப்படுவார். வம்சத்தைத் தேடுபவர்கள் தம்மிடமிருந்து தொடங்கித் தந்தை, பாட்டன் என்று படிப்படியாக மேலே ஏறுவார்கள். ஓவ்ரே மேலிருந்து இறங்கினார். துர்ஸ்தேன் த க்ரெவால்தான் தம் குலமுதல்வர் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அவரிடமிருந்து தம்மிடம் வந்துசேரும் வழியைத் தேடினார். கூரையை முதலில் போட்டுவிட்டு அதற்குக் கீழே சுவர் தேடிய இந்தக் கட்டுமானத்தில், பொருந்தாத கற்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. உப்புக் கடத்தித் தூக்கிலிடப்பட்ட ஓர் ஓவ்ரே எதிர்ப்பட்டார். "அவர் நம்ம கிளை இல்ல" என்று தள்ளிவைத்தார். கழுதை வைத்திருந்த ஓர் ஓவ்ரேயைக் குதிரை வைத்திருந்தவராக உயர்த்தினார். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னோர்கள், அவருடைய உணவறைச் சுவரில் ஓர் ஆப்பிள் மரமாக வரையப்பட்டார்கள். கிளைகளில் பழங்களுக்குப் பதிலாகத் தலைகள் தொங்கின.

நான் பெண்கள் பள்ளியில் இலக்கணம் கற்பித்துவந்தேன். அவர் கடை இருக்கும் சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் வசித்தேன். மணமாகாதவளாகையால் ஊருக்கு நான் 'மத்மொசெல்'. ஆகவே அவர் எழுதியவை அனைத்தும் திருத்தத்துக்காக என்னிடம் வந்தன.

"பிழை இருந்தா மட்டும் திருத்துங்க, மத்மொசெல். விஷயத்தைத் தொட வேணாம்."

விஷயத்தைத் தொடும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு வாக்கியம் குற்றமற்றதாக இருப்பதற்கு அது உண்மையாக இருக்கவேண்டியதில்லை என்பது இலக்கணம் கற்பிப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த துயரம்.

ஊரார் அவரை விட்டுவைக்கவில்லை. குறிப்பாகத் தூதேன் என்ற பால்பண்ணைக்காரர். தூதேன் என்ற அவருடைய குடும்பப் பெயரே துர்ஸ்தேன் என்பதன் தேய்ந்த வடிவம்தான். வடகடல் கொள்ளையர் எங்கள் கரையில் இறங்கிய காலத்துப் பெயர். அதை அவரிடம் சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருந்தபோது அவர் உள்ளே வந்தார்.

"பிரபுவே, அரைக் கிலோ குடல் வேணும். கத்தியால வெட்டுவீங்களா, வாளை உருவுவீங்களா?"

"சிரி தூதேன், சிரி. தெரியாதவன் சிரிக்கத்தான் செய்வான்."

"எனக்கு என்ன தெரியாது? என் வீட்டுப் பசுவுக்கு ஏழு தலைமுறை பதிவு இருக்கு. காளை எது, தாய் எது, எந்தத் தொழுவத்துல பிறந்துச்சுன்னு முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

"சேன்-லோவுல இருந்துச்சு."

"என் பசுவும் அந்தக் குண்டுக்குத் தப்பிச்ச வம்சம்தான். ஆனா அதோட பதிவு எரியல பாருங்க."

வரிசையில் நின்ற பெண்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள். கல்லாவில் இருந்த ஓவ்ரேயின் மனைவி பெர்த் மட்டும் சிரிக்கவில்லை. குடலை நிறுத்து, பொட்டலம் கட்டி, தூதேனிடம் கொடுத்தாள். பெர்த்துக்கு எந்த வம்சமும் இல்லை; அவள் ஒரு கொல்லரின் மகள். சுவரில் வரையப்பட்ட மரத்தில் அவளுக்கு இடம் கிடைத்ததுகூட, மரத்தின் அடியில், புல் இருக்கும் பகுதியில்தான்.

மரத்தின் நடுத்தண்டில் ஓர் ஓட்டை இருந்தது. க்ரெவால் வம்சத்தின் கடைசிப் பிரபுவுக்கு மனைவிவழி ஆண்குழந்தை இல்லை. அவருடன் வம்சமே முடிந்துவிட்டது என்பதுதான் எல்லாரும் அறிந்தது. ஆனால் மாவரைக்கும் ஆலைக்காரன் ஒருவனுடைய மகளிடம் அவருக்குப் பெரேன் என்றொரு மகன் பிறந்ததாகவும், அந்தப் பெரேனின் பேரனே முதல் ஓவ்ரே என்றும் இலேர் ஓவ்ரே கண்டறிந்தார். கண்டறிந்தார் என்ற சொல்லை மரியாதைக்காகவே பயன்படுத்துகிறேன். பெரேன் முறைதவறிப் பிறந்தவன் என்ற தடையை நீக்க அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

எங்கள் கோமகன்களின் முன்னோர் வடகடல் கொள்ளையரான டேனியர். அவர்கள் கோவிலில் ஒருத்தியை மணந்துகொண்டு, வீட்டில் இன்னொருத்தியை வைத்துக்கொள்வார்கள். அதற்கு டேனியர் முறைத் திருமணம் என்று பெயர். அவளுக்குப் பிறந்த பிள்ளைகளும் குலத்தின் பிள்ளைகளாகவே மதிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தை வென்ற கியோமே தோல் பதனிடுபவன் ஒருவனுடைய மகளுக்குப் பிறந்தவர்தாம். ஆகவே, 'இரத்தம் பாதிரியாரின் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. ஆலைக்காரன் மகளின் கருவில் உதித்ததும் க்ரெவால் இரத்தமே' என்று ஓவ்ரே கட்டுரையை முடித்திருந்தார். அந்தப் பக்கத்தில் நான் இரண்டு காற்புள்ளிகளை மட்டும் சேர்த்தேன்.

இந்தக் கட்டுரையை எழுதிய கையே, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பெற்ற மகளை வீட்டிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

அவருடைய ஒரே மகள் லூசியேன். சரிந்த மணிக்கூண்டை மீண்டும் கட்ட வந்த கொத்தனார்களில் ஒரு சிசிலிக்காரன் இருந்தான். நன்றாகப் பாடுவான். சொந்த ஊரில் அவனுக்கு மனைவி இருந்தாள் என்பது மணிக்கூண்டு முடிந்து அவன் போன பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் லூசியேனுக்கு ஐந்து மாதம். "ஓவ்ரே குடும்பத்துல இப்படி ஒரு கறை இதுவரைக்கும் இல்ல" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார் தந்தை. அவள் கிரான்வீல் துறைமுக நகரில் ஒரு விடுதியின் சலவையறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு பெண்குழந்தையைப் பெற்று நதீன் என்று பெயரிட்டாள். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரியான ஒரு கிழவி குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமைகளில் கணவர் இறந்துபோன பாட்டன்களைத் தேடி ஒரு பேருந்தில் ஏறியதும், பெர்த் உயிரோடிருக்கும் பேத்தியைத் தேடி வேறொரு பேருந்தில் ஏறுவாள். இருவரும் மாலையில் திரும்பி வந்து, ஒருவரையொருவர் ஒன்றும் கேட்காமல் சூப் குடிப்பார்கள். மனைவி எங்கே போகிறாள் என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற அச்சத்தால் கேட்கவில்லை. வீரர் பரம்பரை.

1966ஆம் ஆண்டு வந்தது. கடல்கடந்த வெற்றியின் தொள்ளாயிரமாவது ஆண்டு என்று மாநிலம் முழுவதும் விழா. கோமகன் படையில் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் கனவான்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தில் சேர ஓவ்ரே விண்ணப்பித்திருந்தார். அவர்கள் நேரில் வந்து, ஆதாரங்களைப் பார்த்து, பகலுணவு உண்டு முடிவு சொல்வார்கள். உணவு இல்லாமல் எந்த வம்சமும் இதுவரை உறுதிசெய்யப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அதே கோடையில் கிரான்வீல் கிழவி நோயில் விழுந்து, தன் மகன் வீட்டுக்குப் போகவிருந்தாள். விடுதியின் பரணறையில் லூசியேன் படுத்துக்கொள்ளலாம், குழந்தைக்கு அனுமதியில்லை. க்ரெவாலில் இடம் கிடைக்காவிட்டால், நதீனை அரசு இல்லத்தில் ஒப்படைக்கவேண்டும். அவர்கள் அவளை முன்பின் தெரியாத ஏதோ ஒரு பண்ணையில் வளர விடுவார்கள். பெர்த் அந்த வாரமே கணவரிடம் பேசினாள். என்ன பேசினார்கள் என்பதை மறுநாள் என் சமையலறையில் அமர்ந்து அவள் வரிமாறாமல் எனக்குச் சொன்னாள்.

"நதீனை இங்க கூட்டிட்டு வந்துடறேன், இலேர்."

"யாரு நதீன்?"

"உன் பேத்தி."

"எனக்குக் கல்யாணமான மகளே கிடையாது. பேத்தி எங்கிருந்து வரும்?"

"எங்கிருந்து வரும்னு உனக்குத் தெரியாதா? தினமும் கன்னுக்குட்டி வெட்டறவன்தானே நீ."

"பெர்த், சங்கத்துக்காரங்க ஞாயித்துக்கிழமை வர்றாங்க. இந்த நேரத்துல இதைப் பேசாத."

"அவங்க போன பிறகு பேசலாமா?"

"பிறகும் வேணாம். வம்சத்தோட பேர் ஒண்ணு இருக்கு."

"அந்தப் பிள்ளையை எவனோ ஒருத்தன் தொழுவத்துல விடப் போறாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யறது?" என்று கேட்டுவிட்டு, அவர் தம் மூதாதையருடையது என்று செய்து மாட்டியிருந்த கேடயச் சின்னத்தைத் துடைக்கச் சென்றாராம்.

இதைச் சொல்லும்போது பெர்த் அழவில்லை. என் மேசைமேல் கிடந்த கட்டுரைப் படியைக் கையில் எடுத்தாள். "இதுல என்னதான் எழுதியிருக்கார்? எனக்குப் படிச்சுக் காட்டுங்க, மத்மொசெல்" என்றாள். படித்துக் காட்டினேன். ஆலைக்காரன் மகள் வரும் பகுதியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னாள். பிறகு, "ஞாயித்துக்கிழமைக்கு நிறையப் பால் வேணும், தூதேன்கிட்ட சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

சங்கத்தின் சார்பில் இருவர் வந்தார்கள். தலைவர் வால்க்ரோ பிரபு. முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கோட்டு அணிந்த, ஒல்லியான முதியவர். உடன் வந்தவர் பாதிரியார் திபூ. பழைய குடும்பங்களின் வரலாறு அறிந்தவர், கண்டிப்பானவர். கட்டுரையைப் பற்றி ஏதேனும் கேட்டால் துணைக்கு இருக்கட்டும் என்று ஓவ்ரே என்னையும் அழைத்திருந்தார்.

குடல் அடைத்துப் புகையிட்ட ஆந்துய் வந்தது. கடலோரத்து உப்புப்புல் மேய்ந்த ஆட்டின் தொடை வந்தது. நடுவில் வயிற்றில் இடம் உண்டாக்குவதற்காக ஆளுக்கொரு சிறு கிண்ணம் ஆப்பிள் சாராயம். பிரபு எதையும் மறுக்கவில்லை. அவருடைய அரண்மனையில் இறைச்சி வாரத்துக்கு ஒருமுறைதான் என்று கேள்வி. சுவரிலிருந்த மரத்தை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்காங்க" என்றார். பாதிரியார்தாம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நடுத்தண்டைச் சுட்டினார்.

"இந்தப் பெரேன். இவனோட அம்மாவைக் க்ரெவால் பிரபு எந்தக் கோவில்ல கல்யாணம் பண்ணினார்?"

"கோவில்ல இல்ல, சாமி. டேனியர் முறை."

"அதாவது கல்யாணமே இல்லன்னு சொல்றீங்க."

ஓவ்ரே இதற்காகத்தான் இருபது ஆண்டுகள் காத்திருந்தார். நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்தார். முகம் அவர் விற்கும் தொடைக்கறியின் நிறத்துக்கு வந்தது.

"சாமி, நான் ஒண்ணு கேக்கறேன். கோமகன் கியோமோட அப்பா, ஃபலேஸ் கோட்டைக்குக் கீழ துணி துவைச்சுட்டிருந்த தோல் பதனிடறவன் மகளை எந்தக் கோவில்ல வெச்சுக் கல்யாணம் பண்ணினார்?"

"அது வேற விஷயம், ஓவ்ரே."

"எப்படி வேற? அவர் பெத்த பிள்ளைக்கு நாம தொள்ளாயிரம் வருஷமா சிலை வைக்கறோம். ஆலைக்காரன் மகள் பெத்த பிள்ளைக்கு மட்டும் கதவைச் சாத்தணுமா? ரத்தம் பாதிரியாரைக் கேட்டுட்டா ஓடுது?"

"அவர் சொல்றது நியாயம்தான், திபூ" என்றார் பிரபு, எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி. "இந்தக் கேள்வியை நாம ரொம்ப அழுத்திக் கேட்டா, சங்கத்துல பாதிப் பேர் எழுந்து போகவேண்டியிருக்கும். நானும் முதல் வரிசையில நிப்பேன்."

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். மணம் செய்யாத ஒருத்தியின் மகனைத் தலைவனாகக் கொண்டு போன படையின் வாரிசுகள், பிறப்பின் தூய்மையை ஆராய ஞாயிறுதோறும் கூடுகிறார்கள் என்பதை அந்தச் சங்கத்தில் எவரும் அதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்போது பெர்த் தெர்கூல் கொண்டுவந்தாள். அரிசியையும் பாலையும் இலவங்கப்பட்டையையும் சட்டியிலிட்டு, காலை முழுவதும் அடுப்பில் வைத்தெடுத்த பால்சோறு. மேலே பழுப்பு ஏடு படிந்திருந்தது. சட்டியை மேசையில் வைத்துவிட்டு அவள் போகவில்லை.

"மன்னிக்கணும் பிரபு, எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஆலைக்காரன் மகளை வீட்டை விட்டுத் துரத்தினாங்களா?"

கேள்வி பிரபுவிடம் கேட்கப்பட்டது. பதில் கணவரிடமிருந்து வந்தது. அவர் இன்னும் வெற்றியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

"துரத்துவாங்களா? அவ பெத்தது வம்சத்து ரத்தம், பெர்த். கோட்டைக்குள்ள வெச்சு வளர்த்தாங்க."

"அப்படியா? ரொம்ப நல்ல மனுஷங்க. அப்போ நம்ம லூசியேன் பெத்ததும் வம்சத்து ரத்தம்தானே? அடுத்த திங்கட்கிழமை போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

ஓவ்ரே மெல்ல உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பேத்தி இருக்காளா?" என்று கேட்டார் பாதிரியார்.

"நாலு வயசு ஆகுது, சாமி. டேனியர் முறைப்படி பிறந்தவ. மணிக்கூண்டு கட்ட வந்த சிசிலிக்காரன்தான் அப்பன். அவனுக்கு ஊர்ல ஒரு பொண்டாட்டி இருந்தா. அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு என் வீட்டுக்காரர் எழுதியிருக்கார். மத்மொசெல் திருத்திக் குடுத்தாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அந்தப் பக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை" என்றேன்.

ஓவ்ரேயின் முகத்தில் ஓடிய கணக்கை ஒரு குழந்தைகூடப் படித்திருக்கும். பேத்தி இல்லையென்று சொன்னால் ஆலைக்காரன் மகளும் இல்லை. அவள் இல்லையென்றால் பெரேன் இல்லை. பெரேன் போனால் துர்ஸ்தேன் போவார், கடல் போகும், வெற்றி போகும். மிஞ்சுவது மரக்கட்டையும் கத்தியும். தம் இரத்தத்துக்காகக் கதவைத் திறக்காத மனிதர், தம் பெயருக்காகத் திறக்கவேண்டி வந்தது.

"உண்மைதானா, ஓவ்ரே?" என்றார் பிரபு.

"உண்மைதான், பிரபு. என் பேத்தி." பிறகு, "நதீன் ஓவ்ரே" என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை.

"பாருங்க, பேரும் உங்க பேரே. அவ அம்மாவுக்கு முறையாக் கல்யாணம் நடந்திருந்தா, ஓவ்ரேங்கற பேர் உங்களோட முடிஞ்சு போயிருக்கும்" என்று பாராட்டிய பிரபு, பால்சோற்றுக்குத் தட்டை நீட்டினார். "ஏடு கொஞ்சம் அதிகமாப் போடுங்க, மதாம்."

அன்றே அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். துணை உறுப்பினராக. முழு உறுப்பினராக்கத் தேவையான ஆவணங்கள் சேன்-லோவில் இருந்தவை என்பதைப் பாதிரியார் வருத்தத்துடன் குறிப்பிட்டார்.

மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் மாறவில்லை, வசதியைக் கண்டுகொண்டார். நான்கு ஆண்டுகளாகக் கறையாக இருந்தது ஒரே பகலுணவில் பதக்கமாகிவிட்டது. கடைக்கு வருபவர்களிடம் தாமாகவே பேச்செடுத்து, "என் மகள் டேனியர் முறைப்படி கல்யாணம் ஆனவ. பழைய குடும்பங்கள்ல அது வழக்கம்தான்" என்று சொல்லத் தொடங்கினார். தூதேன் சும்மா இருப்பாரா?

"மகளுக்குக் கல்யாணமாமே, பிரபுவே? எங்களுக்குச் சாப்பாடு போடவே இல்லையே."

"பழைய முறையில சாப்பாடு கிடையாது, தூதேன்."

"அப்போ என் பசுக்களும் பழைய குடும்பம்தான்."

ஓவ்ரே கோபப்படவில்லை. துணை உறுப்பினர்கள் பால்பண்ணைக்காரர்களிடம் கோபப்படுவதில்லை. சுவர் மரத்தில் ஒரு புதிய கிளை வரைய ஓவியருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

விருந்து முடிந்து எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, பெர்த் கிரான்வீலுக்குப் போனாள். அன்று ஓவ்ரே கான் நகருக்குப் போகவில்லை. கடை மூடியிருந்தும் துவைத்த மேலங்கியை அணிந்து வாசலில் நின்றிருந்தார். பிற்பகல் பேருந்து சதுக்கத்துக்கு வந்தபோது நானும் என் வாசலில் இருந்தேன். பெர்த் இறங்கினாள். பிறகு, ஒரு காலில் காலுறை சரிந்த சிறுமி ஒருத்தி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் வைத்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால், ஒரு சிறு பெட்டியுடன் லூசியேன்.

இளைத்திருந்தாள். சலவைச் சோடாவால் கைகள் வெந்து சிவந்திருந்தன. பெட்டியைத் தாயிடம் கொடுத்தாள். குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டாள்.

"இவளுக்குப் பூண்டு ஆகாது, அம்மா. ராத்திரி கதவைக் கொஞ்சம் திறந்து வெக்கணும்."

"உள்ள வா" என்றார் ஓவ்ரே, வாசலிலிருந்தபடியே. "மழை வர்ற மாதிரி இருக்கு. உன் அறை அப்படியேதான் இருக்கு."

லூசியேன் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"யாரைக் கூப்பிடறீங்க, அப்பா?"

"உன்னைத்தான். எல்லாம் சரியாயிடுச்சு. பிரபுவே ஒத்துக்கிட்டார். நீ டேனியர் முறைப்படி..."

"நான் எந்த முறையிலயும் கல்யாணமானவ இல்லப்பா. ஒருத்தனை நம்பினேன், அவன் ஏமாத்திட்டுப் போனான். அதுக்காக நீங்க என்னை வெளிய தள்ளுனீங்க. அவ்வளவுதான் நடந்தது. தள்ளினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உள்ள வந்துடறேன்."

ஓவ்ரே வாயைத் திறந்தார். ஒன்பது நூற்றாண்டுகளைப் பற்றித் தடையில்லாமல் பேசக்கூடியவர். கோமகன்களுக்கும் அவர்கள் வைத்துக்கொண்ட பெண்களுக்கும் வழக்காடியவர். இப்போது அவரிடம் கேட்கப்பட்டது எழுவாயும் பயனிலையும் மட்டுமே உள்ள ஒரு சிறு வாக்கியம். எழுவாய் 'நான்' என்பதாக இருக்கவேண்டியிருந்தது. அதுதான் வரவில்லை. கையை மேலங்கியில் துடைத்தார். துடைத்த கையையே மீண்டும் துடைத்தார்.

"நம்ம குடும்பத்துல..." என்று தொடங்கினார்.

"சரிப்பா" என்றாள் லூசியேன். குழந்தையைத் தூக்கி இரு கன்னங்களிலும் முத்தமிட்டு, பெர்த்தின் கையில் கொடுத்தாள். "அடுத்த திங்கட்கிழமை பாட்டி உன்னைக் கூட்டிட்டு என்னைப் பார்க்க வருவாங்க. அழக்கூடாது, என்ன?"

"நான் அழல. நீதான் அழற" என்றது குழந்தை.

அவள் மீண்டும் பேருந்தில் ஏறினாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டும் கேட்காதவர்போல் அமர்ந்திருந்த ஓட்டுநர், சன்னல்வழியே தலையை நீட்டி, மரியாதையாகவே கேட்டார்.

"மெஸ்யே ஓவ்ரே, ஏதாவது சொல்லணுமா? இல்ல, நான் கிளம்பலாமா?"

பெர்த் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் தூறல் விழுந்தது.

"கிளம்பு" என்றார் ஓவ்ரே.

பெர்த் அவரைக் கடந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் சமையலறை விளக்கு எரிந்தது. மேசைமேல் தட்டு வைக்கும் ஓசை கேட்டது. அவர் பேருந்து போன சாலையைப் பார்த்தபடி, நனைவதற்கும் உள்ளே போவதற்கும் இடையில், வெகுநேரம் வாசலில் நின்றிருந்தார்.